காலரில் இருந்த கரி

போன வாரம் திவ்யா வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினாள். கோயம்புத்தூரிலிருந்து ஹைதராபாத் வந்து மாதாப்பூரில் வேலை பார்க்கும் பெண். நான் ஓய்வு பெறுகிற சமயத்தில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தொழில் பழகியவள். கூடவே ஒரு குரல் செய்தி: "ஏனுங்க மேடம், நீங்கெல்லாம் மாசக்கணக்கா உட்கார்ந்து துடைச்சீங்கல்ல, அந்த டிரெயின் காமெடிங்க. புது ஏஐ மெஷின் ஒரே காலைல முடிச்சிருச்சு. பார்த்துட்டுச் சொல்லுங்க."

அல்வால் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. தட்டுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தேன். ரசம் ஊற்றிய சோறு அப்படியே ஆறிப்போனது. எதிரே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், "யாராவது போயிட்டாங்களா?" என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

"கறையைக் காணோம்" என்றேன்.

"கறை போனா நல்லதுதானே? அதுக்குத்தானே உனக்குச் சம்பளம் குடுத்தாங்க?"

இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியும் நான் என்ன வேலை பார்த்தேன் என்று இந்த மனிதருக்குத் தெரியவில்லை. வாயால் சொல்லிப் புரியவைக்க எனக்குப் பொறுமை கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன். அவரும் படிக்கட்டும்.

எங்கள் குடும்பம் வேலூர்ப் பக்கம். வெள்ளைக்காரன் காலத்தில் கண்டோன்மென்ட்டோடு சிகந்திராபாத் வந்து, இங்கேயே வேர் விட்டுவிட்டோம். படிப்பை முடித்ததும் சினிமா பிரின்ட் போடுகிற ஒரு லேபில் வேலை கிடைத்தது. படச்சுருளை மெல்லிய துணியால் துடைத்துச் சுற்றுவது. பெண்பிள்ளை கை மெத்தென்று இருக்கும், சுருள் கீறாது என்று எடுத்துக்கொண்டார்கள். என் கை மெத்தென்று இருந்ததாக அதற்கு முன்னும் பின்னும் யாரும் சொன்னதில்லை. பிறகு லேப் மூடியது, சுருளெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போயிற்று, நானும் போனேன். மாதாப்பூரில் பழைய படங்களைச் சீர்செய்யும் ஒரு கம்பெனி. அங்கேதான் மூர்த்தி காரு எனக்கு மேலதிகாரி. காரு என்பது தெலுங்கில் மரியாதைக்குச் சேர்ப்பது.

வேலை இதுதான். பழைய பிரின்ட்டை ஒவ்வொரு பிரேமாகப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். அதில் தூசி, கீறல், பூஞ்சை, எண்ணெய், யாரோ ஆபரேட்டரின் விரல் ரேகை எல்லாம் இருக்கும். நாங்கள் ஒவ்வொரு பிரேமாகத் துடைத்துக்கொண்டே வருவோம். ஓடும் படத்தில் கண் சிமிட்டுகிற நேரம் வந்து போகிற ஒரு புள்ளிக்காக டீ ஆறிப்போகும்.

மூர்த்தி காரு ராஜமுந்திரிக்காரர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. தப்புச் செய்தவர் பின்னால் வந்து நிற்பார், கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார், திரையில் விரல் படாமல் ஒரு இடத்தைக் காட்டி, "இதி எவரிதி?" என்பார். தெலுங்கில், இது யாருடையது என்று அர்த்தம். அவ்வளவுதான். எந்தக் கறையைத் துடைப்பதற்கு முன்னும் அது யாருடையது என்று தெரிந்தாக வேண்டும். ஒரு பிரேமில் மட்டும் இருந்தால் அது தூசி, துடை. ஒரே இடத்தில் நின்றுகொண்டே இருந்தால் அது கேமராவுடையது, என்னிடம் கேள். ஆளோடு சேர்ந்து நகர்ந்தால் அது அந்த ஆளுடையது, கையை எடு.

சேர்ந்த புதிதில் நம் ஊர் ஊமைப் படம் ஒன்று வந்தது. அதில் புருஷனைத் துடைப்பத்தால் விரட்டுகிற பெண்டாட்டியாக நடித்தது ஒரு ஆண். அந்தக் காலத்தில் குடும்பப் பெண்கள் சினிமாவுக்கு வர மாட்டார்கள் என்று, ஆம்பிளைகளே புடவை கட்டிக்கொள்வார்கள். மேலுதட்டில் மீசை வழித்த இடம் நிழலாகத் தெரிந்தது. அதை நான் அழுக்கு என்று துடைக்கப் போனேன். பின்னால் கண்ணாடி துடைக்கும் சத்தம். "இதி எவரிதி?" அந்த ஆளுடையது சார் என்றேன். "மரி, உண்டனீ" என்றார். அப்படியென்றால் இருக்கட்டும் என்று.

அவரிடம் இன்னொரு வழக்கம் உண்டு. முடிந்த படத்தை மூன்று தடவை போட்டுப் பார்ப்பார். முதல் தடவை கதாநாயகனை மட்டும். இரண்டாம் தடவை அவனைச் சுற்றியிருப்பதை. மூன்றாம் தடவை பின்னால் நிற்கிறவர்களை மட்டும். துடைக்கிறவர்கள் கண்ணெல்லாம் ஹீரோ மேலேயே இருக்கும், பின்வரிசைக்காரர்களின் காதும் பொத்தானும் தூசியோடு தூசியாகக் காணாமல் போகும், அதனால். எங்களுக்கு அந்த மூன்றாம் தடவை என்றால் கொட்டாவி வரும்.

இனி ஹபீப். என்னைவிட இளையவன், கறையைத் துடைப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரன். அவன் வீடு ஹைதராபாத்தில் ஏசி கார்ட்ஸ் என்கிற பேட்டையில். நிஜாம் காலத்தில் குதிரைப்படைக்கு என்று ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தவர்களின் வம்சம். சுருட்டை முடி, என்னைவிடக் கறுப்பு. என்னைவிடக் கறுப்பு என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுக்கும் நாளில் என் அம்மா எனக்கு டப்பா பவுடரை அப்பி, கழுத்தோடு நிறுத்திவிடுவாள். மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். மல்காஜ்கிரி ஸ்கூலில் அதற்கு எனக்கு வைத்த பெயரை இங்கே எழுத மாட்டேன். ஹபீபிடம் சொன்னபோது அவனுக்கு வைத்த பெயரை அவன் சொன்னான். அன்றிலிருந்து நான் அவனுக்கு ஆபா, அதாவது அக்கா. அவன் பேசுவது ஹைதராபாத் தக்கனி. அதைத் தமிழில்தான் எழுதுகிறேன், ஆமாம் என்பதற்கு அவன் சொல்லும் ஹவ்வையும் வேண்டாம் என்பதற்குச் சொல்லும் நக்கோவையும் மட்டும் விட்டுவைக்கிறேன்.

அந்த டிரெயின் காமெடி வெளிநாட்டிலிருந்து வந்தது. சின்னப் படம். ஓடும் ரயிலில் சாப்பாட்டுப் பெட்டி. கறுப்பு நிறப் பரிசாரகன் ஒருவன்தான் கதாநாயகன். குண்டுப் பயணி மேல் சூப்பைக் கொட்டுவான், அவரோடு கட்டிப் புரளுவான், வறுத்த கோழியைத் திருடிக் கோட்டுக்குள் ஒளித்துக்கொள்வான், வெள்ளைப் போர்வை போர்த்திய ஆளைப் பேய் என்று நினைத்து முழியை உருட்டி ஓடுவான். ஓடுகிறவன் காலடியில் தட்டுகள் பறக்கும். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

ஹபீபுக்குத் தலைகால் புரியவில்லை. "ஆபா, நம்ம ஆளு. அத்தனை வருஷத்துக்கு முன்னாடி. ஹீரோ." அந்தக் கதாநாயகன் வருகிற காட்சிகளை எல்லாம் தானே வாங்கிக்கொண்டான். வேறு யாரையும் தொடவிடவில்லை. வீட்டிலும் சொல்லியாயிற்று. அவன் அப்பா கல்யாணங்களில் மர்ஃபா மேளம் வாசித்தவர். எண்பதை நெருங்கிய மனிதர், படியிறங்கவே யோசிப்பவர். படத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் சனிக்கிழமை எங்கள் சின்னத் தியேட்டரில் வீட்டாருக்குப் போட்டுக் காட்டுவது வழக்கம். அதற்கு வருகிறேன் என்று ஷெர்வானியை எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டாராம். ஹபீப் சம்பந்தப்பட்ட எதையும் பார்க்க அவர் அதற்குமுன் வீட்டைவிட்டுக் கிளம்பியதே இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தூசி தட்டுவது ஒரு வேலையா என்பது அவர் கேள்வி.

வெள்ளிக்கிழமை காலை மூர்த்தி காரு படத்தைப் பார்த்தார். முதல் தடவை சரி. இரண்டாம் தடவை சரி. மூன்றாம் தடவை பாதியில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார்.

கதாநாயகன் கோழியை ஒளிக்கிற காட்சி. பின்னால் சுவரோரம் இன்னொரு பரிசாரகர் கையில் தட்டோடு நிற்கிறார். இவரும் கறுப்பர். முகம் நிழலில் கிடக்கிறது, வாய் இருக்கிற இடம்கூடச் சரியாகத் தெரியவில்லை. கண் மட்டும் தெரிகிறது.

"சூப் கொட்டுது. கோழி போகுது. குண்டு மனுஷன் கத்துறான். இவர் மட்டும் அதெல்லாம் பார்க்கலை" என்றார் மூர்த்தி காரு. என்னிடம் அவர் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். "ஹீரோ கழுத்தைப் பார்க்கிறார். கழுத்துல ஏமி உந்தி?"

கழுத்தில் ஒன்றும் இல்லை. பளிச்சென்ற வெள்ளைக் காலர். ஒன்றும் இல்லாத இடத்தை அந்த மனிதர் உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

துடைப்பதற்கு முந்தைய பிரதியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். காலரில், தாடைக்குக் கீழே, ஒரு கறுப்புத் தீற்றல். கட்டிப் புரண்ட காட்சிக்குப் பிறகு வந்தது. ஆள் திரும்பினால் அதுவும் திரும்புகிறது, குனிந்தால் குனிகிறது. ஆளுடையது. தொடக்கூடாத கறை என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஹபீபைத் திரும்பிப் பார்த்தேன்.

"நான்தான் துடைச்சேன்" என்றான். "தெரிஞ்சேதான் துடைச்சேன் சார். பரிமாறுறவன், காலர் வெள்ளையா இருக்க வேணாமா? நம்ம ஆளுன்னா அழுக்காத்தான் இருப்பான்னு நாலு பேர் சொல்றதுக்கா? எனக்கு மனசு வரல."

மூர்த்தி காரு அவனைத் திட்டவில்லை. "இதி எவரிதி?" என்றுகூடக் கேட்கவில்லை. மௌஸை என்னிடமிருந்து வாங்கி, பழைய பிரதியை மெதுவாக நகர்த்தினார். கதாநாயகன் பேய்க்குப் பயந்து தலையைத் திருப்புகிற இடத்தில் நிறுத்தி, காதைப் பெரிதாக்கினார்.

காதுக்குப் பின்னால், முடி தொடங்குகிற இடத்தில், பிறை மாதிரி ஒரு துண்டு வெள்ளை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த எல்லைக்கோட்டை எனக்குத் தெரியும். என் அம்மா பவுடரை நிறுத்துகிற கோடு. எனக்கு வெள்ளையைப் பூசி நிறுத்தினாள், அங்கே கறுப்பைப் பூசி நிறுத்தியிருக்கிறார்கள். நாங்கள் மாசக்கணக்காகப் பார்த்துச் சிரித்தவன் கறுப்பனே இல்லை. வெள்ளைக்காரன். காலரில் இருந்தது அவன் மூஞ்சி.

"கார்க்கைக் கொளுத்திக் கரியாக்கி, கொழுப்புல குழைச்சுப் பூசுவாங்க" என்றார் மூர்த்தி காரு, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. கறுப்பினத்தவர் நடிக்கத் தயாராக இருந்தும், பேர் வாங்குகிற வேஷம் பெரும்பாலும் இப்படிப் பூசிக்கொண்டவனுக்குப் போகுமாம். நிஜமானவருக்குத் தட்டைக் கொடுத்துப் பின்னால் நிறுத்துவார்களாம். திருடன், பயந்தாங்கொள்ளி, முழி உருட்டுகிறவன், இதெல்லாம் கறுப்பர்களைப் பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதிக்கொண்டது. கறுப்பர்களே தங்களுக்கென்று எடுத்த படங்களும் உண்டாம், நிறைய அழிந்துபோயிற்றாம். பழைய பிரதியில் கறை இருந்த வரையில் கூர்ந்து பார்க்கிறவனுக்கு இது பூச்சு என்று தெரிந்திருக்கும். நாங்கள் அதையும் துடைத்து, பொய்யைப் பளபளப்பாக்கி வைத்திருந்தோம்.

ஹபீப் முகத்தில் ஈயாடவில்லை.

"நாளைக்கு அப்பா வர்றாரு."

அப்போது மூர்த்தி காரு சொன்னது எனக்கு இன்னொரு அதிர்ச்சி. "அனுப்பப் போறது திங்கட்கிழமை. அன்னைக்குக் கறையைத் திருப்பி வெச்சுக்கலாம். நாளைக்கு ஷோ இப்படியே ஓடட்டும். உன் இஷ்டம், ஹபீப்." ஒரு பொத்தானுக்குக் கூடச் சலுகை கொடுக்காத மனிதர். சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

யோசித்துப் பாருங்கள். சும்மா இருந்தால் போதும். கிழவர் ஷெர்வானி போட்டுக்கொண்டு வந்து, தன் இனத்தான் ஒருவன் ஹீரோவாக ஓடுவதைப் பார்த்து, மகன் தோளைத் தட்டிவிட்டுப் போவார். வாழ்நாளில் முதல் தடவையாகத் தட்டுவார். அதற்குள் காது தெரிகிற இடம் கண்ணில் படாமல் ஓடிவிடும். எனக்கே அதுதான் சரி என்று பட்டது. "விடுடா. எதுக்கு இந்த வேலை? பெரியவர் சந்தோஷமா போகட்டும்" என்றேன்.

"நக்கோ ஆபா" என்றான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "அப்பாவுக்கு நான் துடைச்சதைக் காட்டினா, கரி பூசினவனை நம்ம ஆளுன்னு நானே அவர் முன்னாடி நிறுத்தின மாதிரி. தெரியாம செஞ்சது வேற. இப்போ தெரியும்."

பழைய பிரதியிலிருந்து கறையை ஒவ்வொரு பிரேமாகத் திரும்ப எடுத்து வைத்தான். தான் துடைத்ததைத் தானே திரும்ப வைக்கிற வேலை இருக்கிறதே, அதைப்போல ஒரு தண்டனை கிடையாது. பாதியில் நான் கை கொடுக்கப் போனேன், விடவில்லை. ஒன்று மட்டும் கேட்டான்: பின்னால் நிற்கிறவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றலாமா? ஹீரோ முகத்தை அளவாக வைத்து வெளிச்சத்தைச் சரிசெய்ததால்தான் இவர் இருட்டில் போயிருந்தார். படச்சுருளில் இருந்ததைத் தவிர ஒரு பொட்டும் சேர்க்காமல் ஏற்றினோம். மெல்ல மூக்கு வந்தது, கன்னம் வந்தது. கடைசியில் வாய். உதடு மூடியிருந்தது.

சனிக்கிழமை கிழவர் வந்தார். கைத்தடி, சாம்பல் நிற ஷெர்வானி, அத்தர். முன்வரிசையில் உட்கார்ந்தார். ஹபீப் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. கதவோரம் போய் நின்றுகொண்டான். நான் கிழவர் பக்கத்தில் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை கால் ஓடவில்லை.

படம் ஓடியது. சூப் கொட்டியது. எல்லோர் வீட்டுப் பிள்ளைகளும் சிரித்தார்கள். கிழவர் சிரிக்கவில்லை. கோழிக் காட்சி வந்தது. காலரில் கறை. கிழவர் கைத்தடியைத் தூக்கி நேராகத் திரையைக் காட்டினார். பின்னாலிருந்த மூர்த்தி காரு படத்தை நிறுத்தச் சொன்னார்.

"கரி பூசினவன்" என்றார் கிழவர். சத்தமாக இல்லை. ஆனால் தியேட்டர் சின்னது.

ஹபீப் அங்கிருந்தே, "ஹவ் அப்பா" என்றான். "நான் ஏமாந்துட்டேன்."

"நீ எப்படிக் கண்டுபிடிப்பே? நீ கல்யாணத்துல வாசிச்சதில்லையே." கிழவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என்னிடம்தான் சொன்னார் என்று நினைக்கிறேன், பக்கத்தில் இருந்ததால். அவர் வாலிபத்தில் பெரிய வீட்டுக் கல்யாணங்களில் மர்ஃபா வாசிக்கும்போது, வேஷக்காரர்கள் முகத்தில் அடுப்புக்கரி பூசிக்கொண்டு, உதட்டைப் பெரிதாக வரைந்துகொண்டு, ஹப்ஷி, அதாவது ஆப்பிரிக்கக்காரன், வருகிறான் என்று மேளத்துக்கு முன்னால் ஆடுவார்களாம். சனம் விழுந்து விழுந்து சிரிக்குமாம். வாசிக்கிறவர்களும் சிரித்தாக வேண்டுமாம், சிரிக்காவிட்டால் அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்களாம்.

"நாங்க அவன் மூஞ்சியைப் பார்க்க மாட்டோம் மகளே. காலரைப் பார்ப்போம். வேர்த்துச்சுன்னா கரி இறங்கும். எப்போ இறங்கும், எப்போ இறங்கும்னு பார்த்துக்கிட்டே வாசிப்போம். இறங்கிச்சுன்னா எங்களுக்குள்ள ஒரு அடி மாத்தி அடிப்போம். யாருக்கும் தெரியாது."

திரையில், சுவரோரம், தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதர் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த நாட்டிலோ, எந்தக் காலத்திலோ. கிழவரும் இப்போதுதான் அவரைக் கவனித்தார். தடியை மெதுவாக நகர்த்தி அவரைக் காட்டினார்.

"இவன் பேரு என்ன?"

நான் மூர்த்தி காருவைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். படத்தின் பெயர்ப் பட்டியலில் பூசிக்கொண்டவன் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. இவர் பெயர் இல்லை. வேறெங்கும் கிடைக்கவும் இல்லை. அதற்குப் பிறகு மூர்த்தி காரு எங்கெங்கோ எழுதிக் கேட்டார், ஒன்றும் வரவில்லை.

"பேரு தெரியல அப்பா" என்றான் ஹபீப்.

"சரி. இவனைத் திரும்பப் போடு."

திரும்பப் போட்டோம். இந்தத் தடவை கிழவர் சிரித்தார், தோள் குலுங்கக் குலுங்க. வெளியே போகும்போது மகனிடம் நின்று, "முகத்துல வெளிச்சம் யாரு வெச்சா?" என்று கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். கிழவர் அவன் தோளைத் தட்டவில்லை. காலரைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

கிழவர் இப்போது இல்லை. மூர்த்தி காருவும் இல்லை. ஹபீப் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். படமும் ஒழுங்காகத்தான் இருந்தது, போன வாரம் வரைக்கும்.

ஆறிப்போன சோற்றுக்கு வருகிறேன். மெஷின் கறையைத் துடைத்துவிட்டது. மனுஷன் பாசத்தில் செய்த தப்பை அது பாசமில்லாமல் செய்திருக்கிறது, அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நான் மூன்றாம் தடவையும் போட்டுப் பார்த்தேன், பழக்கதோஷம். பின்வரிசையை மட்டும். சுவரோரம் தட்டோடு நிற்கிறவரைத் தேடினேன். முகம் பளிச்சென்று இருந்தது, எங்களால் கனவிலும் முடியாத தெளிவு. கண் காலரைப் பார்க்கவில்லை, நேராக எங்களைப் பார்த்தது. மூடியிருந்த உதடு திறந்திருந்தது. பல் வரிசையாகத் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தார். துடைக்காத பிரதியில் இருட்டில் கிடந்த முகத்துக்கு, கறுப்புப் பரிசாரகன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று அதுவே ஒரு சிரிப்பை ஒட்டிவைத்திருக்கிறது.

கை கழுவக்கூட எழுந்திருக்காமல் திவ்யாவுக்கு போன் போட்டேன்.

"பார்த்துட்டீங்களா மேடம்? எப்படி இருக்குதுங்க?"

"நாங்க முடிச்சுக் குடுத்த பிரதியைப் பக்கத்துல திற. கோழிக் காட்சி. பின்னால தட்டு வெச்சுக்கிட்டு நிக்கிறாரே, அவரைப் பாரு. ரெண்டுலயும் பாரு."

அவள் தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிற கிளிக் சத்தம்.

"இந்தச் சிரிப்பு யாருடையது திவ்யா?" என்று கேட்டேன்.

"யாரோடதும் இல்லீங்க மேடம்."

"அப்போ துடை" என்றேன்.